ஆபத்துக் காசு

ஒன்றாம் தேதி மாலையில் நைனா சம்பளக் கவரைப் பாயின் மேல் வைப்பார். பிரிப்பது என் வேலை, எண்ணுவது அக்காவின் வேலை. எண்ணி முடித்ததும் ஐந்து டப்பாக்களை எடுத்துவந்து வரிசையாக வைப்போம். அரிசிக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று, விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஒன்று, வைத்தியத்துக்கு ஒன்று, பரீட்சைக்கு ஒன்று. முதல் நான்கும் பவுடர் டப்பாக்கள். ஐந்தாவது பல்பொடி டப்பா. எத்தனை முறை கழுவினாலும் அதன் வாசனை போகவில்லை. அதில் கிடந்த நோட்டுகளில் கிராம்பு மணக்கும்.

எந்த டப்பாவில் எவ்வளவு போடுவது என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். "போன மாசம் எண்ணெய் மிச்சம், அதனால விறகு டப்பாவுல ஒரு ரூபா குறைச்சுக்கலாம்" என்று சொன்னால், "மழை மாசம் வருதே, ஈர விறகுக்கு எண்ணெய் கூடச் செலவாகாதா?" என்று நைனா கேட்பார். அதற்குப் பதில் சொல்லாமல் டப்பாவை மூட முடியாது. இதுதான் எங்களுக்குக் கணக்குப் பாடம். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போகவில்லை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிட நடையில் இருந்தது வீடு. நைனா அங்கே ஒரு அரிசி ஆலையில் எடை குமாஸ்தா. அதற்கு முன் எட்டு வருஷம் வாத்தியாராக இருந்தவர். அவர் வேலை பார்த்த பள்ளியில், ஆசிரியர்கள் முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதியை நிர்வாகியிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். எட்டு வருஷம் கொடுத்தார். ஒன்பதாம் வருஷம் ஜூன் மாதம் கையெழுத்துப் போட மறுத்தார். வேலை போயிற்று. "பொய்க் கையெழுத்துப் போடறவன்கிட்ட என் பிள்ளைங்க எழுத்துக் கத்துக்க வேணாம்" என்றார். ஊரில் வேறு பள்ளி இருந்தது. அங்கே அப்படி நடக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நைனா விசாரிக்கவில்லை.

காலை ஐந்திலிருந்து எட்டு வரை நைனா பாடம் எடுப்பார். பகலில் அம்மா. அம்மா எட்டாவது படித்தவள். ஒருமுறை அவளுக்குப் பால்வாடி டீச்சர் வேலை வீடு தேடி வந்தது. எங்களுக்குப் பகலில் யார் சொல்லிக்கொடுப்பது என்று நைனா கேட்டார். அம்மா போகவில்லை. எனவே வருமானம் ஒன்றுதான், ஆலையில் எடை போடும் கையிலிருந்து வருவது.

தண்ணீர்க் குழாயில் பெண்கள் அம்மாவைச் சீண்டுவார்கள்.

"இன்னாக்கா, உங்க இஸ்கோலு ஊட்டுக்குள்ளயே கீதாமே. பெல்லு யாரு அடிக்கிறது?"

"சட்டிதான். சோறு வெந்தா பெல்லு."

"அப்போ மாசக் கடைசியில லீவா?"

அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது.

பரீட்சை டப்பா அக்காவுக்கானது. பள்ளிக்கூடம் போகாதவர்கள் தனியாகப் பணம் கட்டி எஸ்.எஸ்.எல்.சி. எழுதலாம். அதில் தேறிவிட்டால் ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாம். அக்காவுக்குப் பதினேழு வயது. பயிற்சியில் சேர வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறெதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பூகோளப் படத்தில் ஆறுகளை நீலப் பென்சிலால் வரைவாள். பென்சில் தீர்ந்துவிடும் என்பதால் கிளை ஆறுகளை மட்டும் கரிப் பென்சிலால் வரைவாள்.

அவளுக்கு எதிரில் ஒரு கெடு இருந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஆர்.கே.பேட்டைப் பக்கம் நாலு ஏக்கர் வைத்து விவசாயம் செய்தார். அக்காவை அவருக்குத்தான் என்று அவள் பிறந்தபோதே பேசியிருந்தார்கள். மாமா கெட்டவர் இல்லை. வரும்போதெல்லாம் ஒரு மூட்டை வேர்க்கடலை கொண்டுவருவார். அவருக்கு முப்பதாகிவிட்டது. இந்த மார்ச் பரீட்சையை அவள் எழுதட்டும், எழுதிவிட்டால் பயிற்சி முடியும்வரை காத்திருக்கிறேன், எழுதாவிட்டால் வைகாசியில் கல்யாணம் என்று அவரும் அம்மாவும் பேசி முடித்திருந்தார்கள். நைனா ஒப்புக்கொண்டார். மகள் எழுதாமல் போவாள் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை.

பரீட்சைக் கட்டணம் இருபத்தாறு ரூபாய். கார்த்திகை மாதமே டப்பாவில் சேர்ந்துவிட்டது. ஆனால் கட்டவில்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருஷம் முன்னால், மொத்தமாக வாங்கினால் மலிவு என்று நைனா ஒரு வருஷத்து விறகுக்கு முன்பணம் கட்டினார். அடுத்த வாரம் எனக்கு டைபாய்டு. வீட்டில் விறகு கூரைவரை இருந்தது, மருந்துக்குக் காசில்லை. அம்மா மூக்குத்தியைக் கழற்றினாள். அது திரும்ப வரவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சட்டம் வந்தது: எதற்குக் கட்ட வேண்டிய பணமானாலும் கடைசி நாள் வரை நம் கையில் இருக்க வேண்டும்.

"கட்டிட்டா அது பரீட்சைப் பணம் மட்டும்தான். கட்டாத வரைக்கும் அது வைத்தியப் பணமும் கூட" என்று நைனா விளக்கினார். ஒரு சம்பளத்தில் வாழ்பவர்களுக்கு இதில் தவறே கிடையாது. இன்றைக்கும் என்னால் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. பணத்தைப் பொன்னேரி தாலுகா கச்சேரியில் இருந்த கருவூலத்தில் சலான் போட்டுக் கட்ட வேண்டும். சலான் என்பது அரசாங்கத்துக்குப் பணம் கட்டும் சீட்டு, ஒரே மாதிரி நாலு பிரதி. பணம் கட்டியதற்கு முத்திரை குத்திய பிரதியை விண்ணப்பத்தோடு இணைத்து அன்றே தபாலில் சேர்க்க வேண்டும். பள்ளி மாணவர்களானால் அபராதத்தோடு கட்ட மேலும் சில நாள் உண்டு. தனியாக எழுதுபவர்களுக்கு இல்லை. இது விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அக்கா அதைப் படித்திருந்தாள்.

நைனா லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும். அதனால் எங்களை அனுப்பினார். "கட்டப் போறவளே போய்க் கட்டினா அதுவும் ஒரு பாடம்" என்றார். அக்காவின் சுருக்குப் பையில் இருபத்தாறு ரூபாயும் இருவருக்கும் ரயில் காசும் வைத்தார். என் கைக்குட்டை முனையில் ஒரு நாலணாவை முடிந்தார். எனக்கு அப்போது பதினொரு வயது.

"இது ஆபத்துக் காசு. எப்ப எடுக்கணும்?"

"உடம்பு சரியில்லாம போனா. ரயில் தவறினா. வழி தவறினா."

"மிட்டாய் கடையைப் பார்த்தா?"

"எடுக்கக் கூடாது."

"அவ்வளவுதான். ஆபத்து வரலைன்னா அது திரும்பி வரணும்."

கச்சேரிக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி பதினொன்று பத்து. கருவூல ஜன்னலுக்கு மேலே வட்டக் கடிகாரம் ஒன்று இருந்ததால் நேரம் எனக்கு நினைவிருக்கிறது. பணம் வாங்குவது இரண்டு மணி வரை என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. பின்னாளில் சென்னையில் ஒரு பத்திரிகை ஆபீஸில் புரூஃப் பார்க்கப் போனேன். எந்தச் செய்தியிலும் நேரத்தைத்தான் முதலில் சரிபார்ப்பேன். அந்தப் பழக்கம் அந்த ஜன்னலில் வந்தது என்று நினைக்கிறேன்.

வாசலில் வேப்ப மரத்தடியில் ஒருவர் சாய்வு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். மனு எழுதுபவர். காதில் ஒரு பேனா, கையில் ஒரு பேனா.

"சலானா பாப்பா? குந்து. நாலணா. அஞ்சு நிமிசம்."

"எனக்கு எழுதத் தெரியுங்க" என்றாள் அக்கா.

"தெரிஞ்சா சரி."

நமக்குச் செய்யத் தெரிந்த வேலைக்கு அடுத்தவருக்குக் காசு கொடுக்கக் கூடாது. இதுவும் வீட்டுச் சட்டம். நைனா தானே எங்கள் முடியை வெட்டினார். செருப்பைத் தானே தைத்தார்.

உள்ளே வெற்றுச் சலான் இலவசமாகக் கொடுத்தார்கள். கார்பன் தாள் இல்லை. அக்கா தாழ்வாரத்துச் சிமெண்ட் படியில் உட்கார்ந்து நாலு பிரதியையும் கையால் எழுதினாள். அவள் எழுத்து அச்சுப் போல இருக்கும். வரிசையில் நின்று ஜன்னலில் நீட்டியபோது மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம்.

குமாஸ்தா பார்த்தார். "கணக்குத் தலைப்பு எழுதலையேம்மா."

"அது இன்னாங்க?"

"பணம் எந்தக் கணக்குல போகுதுன்னு. வெளிய போர்டுல இருக்குது, பார்த்து எழுதிக்கினு வா."

தாழ்வாரத்தில் ஒரு பலகை இருந்தது. நாற்பது வரிக்கு மேல். மழைச் சாரலில் பாதி அழிந்திருந்தது. பரீட்சைக் கட்டணம் என்று இரண்டு இடத்தில் இருந்தது. அக்கா இரண்டையும் படித்து, யோசித்து, ஒன்றை எழுதினாள். மறுபடியும் வரிசை. எங்களுக்கு முன்னால் நிலவரிக் கிஸ்தி கட்ட வந்த ஆட்கள். அவர்களுடைய சலான்கள் எல்லாம் மரத்தடி மேஜையில் எழுதியவை. ஜன்னலில் நீட்டுவதும் அவை உள்ளே போவதுமாக இருந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு எங்கள் முறை வந்தது.

"இது வாத்தியாருங்க எழுதற பரீட்சைக்கான தலைப்பும்மா. உனக்கு அதுக்கு மேல இருக்கறது."

அக்கா பேனாவை எடுத்தாள்.

"அடிச்சு எழுதினா வாங்க மாட்டோம். கருவூலம் பாரு. வேற நாலு ஃபாரம் எடுத்துக்கோ."

அவர் கடுமையாகப் பேசவில்லை. விதியைச் சொன்னார். நாலு தாள்களையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

நாங்கள் படிக்குத் திரும்பியபோது, பணம் கட்டிவிட்டு வந்த ஒரு பெரியவர் வேட்டி முனையில் ரசீதை முடிந்துகொண்டு எங்களைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, காலையிலேர்ந்து எழுதிக்கினே கீற. இன்னாத்துக்குப் பணம்?"

"எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு."

அவர் மரத்தடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "யோவ் ரைட்டரு, நான் கைநாட்டு, என் சலான் பாஸாயிடிச்சி. இந்தப் பொண்ணு பத்தாவது, இது ரெண்டு தபா ஃபெயிலு."

மரத்தடியில் சிரிப்பு எழுந்தது. மனு எழுதுபவர் சிரிக்கவில்லை. எழுந்து படிவரை வந்து அக்கா எழுதியதைக் குனிந்து பார்த்தார்.

"எழுத்து முத்து மாதிரி கீது. ஆனா மணி ஒண்ணாயிடிச்சி. நாலணா குடு, கார்பன் வெச்சு நாலையும் ஒரே இழுப்புல இழுத்துத் தரேன். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. "வேணாங்க. இந்தத் தடவை சரியா எழுதிடுவேன்."

அவளிடம் நாலணா இல்லை. கட்டணமும் திரும்பும் ரயில் காசும்தான் இருந்தன, சில்லறை மிச்சமில்லாமல். நாலணா என்னிடம் இருந்தது. அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் என் பக்கம் திரும்பவில்லை, நான் கைக்குட்டையைத் தொடவில்லை. நான் மனதுக்குள் பட்டியலைச் சொல்லிப் பார்த்தேன். உடம்பு சரியாக இருந்தது. ரயில் தவறவில்லை. வழியும் தவறவில்லை.

அவர் ஒரு நிமிடம் நின்றார். "சரி, உன் இஷ்டம்" என்று போய்விட்டார்.

அக்கா மூன்றாம் முறை எழுதினாள். இந்த முறை மெதுவாக எழுதினாள், தப்பக் கூடாது என்பதற்காக. நாலு பிரதி, ஒவ்வொன்றிலும் நிரப்பப் பதினோரு இடம். ஒன்று நாற்பதுக்கு வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஏழு பேர். அதில் ஒருவரிடம் சில்லறை நோட்டுக் கட்டாக இருந்தது. குமாஸ்தா சலானைச் சரிபார்த்து, காசாளர் பணத்தை எண்ணி, இப்படி வரிசை ஒவ்வொருவராக நகர்ந்தது. ஒன்று ஐம்பத்தெட்டுக்கு எங்கள் சலான் உள்ளே போனது. குமாஸ்தா படித்தார். நாலிலும் சிவப்பு மையில் சுருக்கொப்பம் வைத்தார். "இப்ப சரி" என்றார்.

அடுத்த ஜன்னல் காசாளருடையது. அங்கே எங்களுக்கு முன்னால் இருவர். இரண்டாமவரின் பணத்தை வாங்கிக்கொண்டு காசாளர் பலகையை இறக்கினார். கடிகாரத்தில் இரண்டு மணி மூன்று நிமிடம். விதிக்கு மேல் மூன்று நிமிடம் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

"நாளைக்கு வாம்மா" என்றார் குமாஸ்தா.

"இன்னிக்குத்தாங்க கடைசி."

அவர் அக்காவின் விண்ணப்பத்தை வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தார். எழுந்துபோய் உள்ளே பேசினார். திரும்பி வந்து தலையை அசைத்தார். "கல்லாவை முடிச்சிட்டாங்க. முடிச்சிட்டா தொறக்க முடியாது. காலையில வந்திருக்கக் கூடாதாம்மா?"

பதினொன்று பத்திலிருந்து நாங்கள் அங்கேதான் இருந்தோம். அக்கா அதைச் சொல்லவில்லை. "சரிங்க" என்றாள். நாலு பிரதியையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வேப்ப மரத்தைத் தாண்டும்போது அந்த மனிதர் எங்களைப் பார்க்காமல் மைப் புட்டியை மூடினார்.

ரயிலில் அவள் ஒரு வார்த்தை பேசினாள். கவரப்பேட்டை தாண்டியதும், "கைக்குட்டை பத்திரமா?" என்றாள்.

"பத்திரம்" என்றேன்.

நைனா ஆலையிலிருந்து வந்ததும் அக்கா நடந்ததை வரிசையாகச் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மரத்தடி மனிதர் நாலணா கேட்டதையும் சொன்னாள். நைனா பணத்தை வாங்கி எண்ணினார். இருபத்தாறு இருந்தது. பல்பொடி டப்பாவில் போட்டு மூடினார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் அவிழ்த்துக் கொடுத்தேன்.

"இது அப்போ உன்கிட்ட இருந்துதா?"

"இருந்துது நைனா. ஆபத்து வரலை."

அவர் அந்தக் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "நாலணா." சட்டத்தை மீறியிருந்தால் திட்டலாம். நாங்கள் எதையும் மீறவில்லை.

அந்த வாரம், விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய அலுவலகத்துக்கு நைனா ஒரு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா வேர்க்கடலை மூட்டையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, வேணும்னா அடுத்த வருசம்..." என்று அம்மாவிடம் ஆரம்பித்தார்.

"அடுத்த வருசம் உனக்கு முப்பத்தொண்ணு" என்றாள் அம்மா. "பேசினது பேசினதுதான்."

மாமா நைனாவைப் பார்த்தார். நைனா சொன்ன சொல் மாறாதவர். அந்தக் கெடுவுக்கு ஒப்புக்கொண்டவர். "பேசினபடி ஆகட்டும்" என்றார். அக்கா வேர்க்கடலையை முறத்தில் கொட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். ஓசை நிற்கவில்லை.

வைகாசியில் கல்யாணம். பல்பொடி டப்பாவின் இருபத்தாறு ரூபாயில் சமையல் பாத்திர வாடகை போயிற்று. எழுதிய சலான்களின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எங்கள் வீட்டில் தாளைத் தூக்கிப்போட மாட்டார்கள். அடுத்த இரண்டு மாதம் நான் அவற்றின் பின்னால்தான் வட்டிக் கணக்குப் போட்டேன். சில தாள்களில் சிவப்பு மை ஊறி இந்தப் பக்கம் தெரிந்தது.

சில வருஷம் கழித்து எங்கள் பக்கத்தில் தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்தார்கள். ஆலை இருந்த இடமும் அதில் போயிற்று. பத்தாவது முடித்த பெண்களைக் கணக்கு எழுத எடுக்கிறார்கள் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அக்காவுக்கு அப்போது மூன்று குழந்தைகள். ஒருமுறை நான் போயிருந்தபோது ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தது. அவள் அதை மாமாவிடம் கொடுத்து, "டவுன்ல குடுத்து எழுதிக்கினு வந்துடு" என்றாள். நான் எழுதித் தருகிறேன் என்றேன். "வேணாம்" என்றாள்.

அக்கா கல்யாணமாகிப் போன ஜூன் மாதம் நைனா ஒரு நாள் லீவு போட்டார். எனக்குத் தெரிந்து அவர் போட்ட முதல் லீவு. சட்டையை மாற்றிக்கொண்டு, என்னை அழைத்துக்கொண்டு, ஊரில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். சேர்க்கை மனு எழுதித் தர வாசலில் ஒருவர் மேஜை போட்டிருந்தார். எட்டு வருஷம் வாத்தியாராக இருந்த மனிதர் அவர் முன்னால் குனிந்து என் பேரையும் வயதையும் சொன்னார். அந்த ஆள் கேட்பதற்கு முன்பே ஒரு நாலணாவை மேஜையில் வைத்தார்.

மனுவில் கடைசி வரி கோணலாகப் போயிருந்தது. நைனா அதைப் பார்த்தார். திருத்தி எழுதச் சொல்லவில்லை.